வார்டுக்குள் இசைச் சிகிச்சை: கேஸ் ஷீட்டில் ஏறும்படி தொடங்குவது எப்படி

மருத்துவமனைக்குள் இசை மூன்று விதமாக வருகிறது. வராந்தாவில் யாராவது வந்து பாடிவிட்டுப் போவது ஒன்று, அது கச்சேரி. நோயாளிக்குப் பிடித்த பாட்டை ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, வலியோ பதற்றமோ குறைகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் ஸ்டாஃப் நர்ஸே இதைச் செய்துவிடலாம். முறையாகப் படித்த இசைச் சிகிச்சையாளர் ஒருவர் நோயாளியை மதிப்பிட்டு, ஒரு குறிக்கோளை வைத்துக்கொண்டு, பாட்டையும் தாளத்தையும் அதற்காகக் கையாண்டு, மாற்றத்தை அளந்து எழுதுவது மூன்றாவது. இசைச் சிகிச்சை என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும்.

மூன்றுக்கும் மருத்துவமனையில் இடமுண்டு. முதலாவதை மூன்றாவதன் பெயரில் நடத்தும்போதுதான் சிக்கல். திறப்பு விழா நடக்கும், பத்திரிகையில் படம் வரும், ஆறு மாதம் கழித்து அறைக்குப் பூட்டு விழும். அதைத் தவிர்க்க ஒரே ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டும்போது, பிசியோதெரபிக் குறிப்புக்குப் பக்கத்தில் இசைச் சிகிச்சையின் குறிப்பும் இருக்கிறதா? கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை நோக்கித்தான் போகிறது.

ஒரு வார்டு, ஒரு குறிக்கோள்

மருத்துவமனை முழுக்க ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். பக்கவாத வார்டு, அறுவைக்கு முன் காத்திருக்கும் அறை, வென்டிலேட்டர் நோயாளிகள் உள்ள ஐ.சி.யூ., பச்சிளங்குழந்தைகளின் என்.ஐ.சி.யூ. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்ற கேள்வியில் டீனின் ஒப்புதலைவிட அந்த வார்டு சிஸ்டர் இன்சார்ஜின் விருப்பத்துக்குக் கூடுதல் எடை கொடுங்கள். அமர்வு நடக்கும் அரை மணி நேரத்தில் ஊசி, டிரெஸ்ஸிங், எக்ஸ்ரே அழைப்பு எதுவும் குறுக்கே வராமல் காப்பவர் அவர்தான்.

நோக்கம் எண்ணில் இருக்க வேண்டும். 'நோயாளிகளுக்கு மன அமைதி' என்று எழுதினால் அதை யாராலும் அளக்க முடியாது. 'அறுவை அரங்குக்குள் போவதற்கு முன் பதற்ற அளவு 0–10இல் 2 புள்ளியாவது குறைய வேண்டும்' என்று எழுதினால் அளக்கலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 12 ஐ.சி.யூ.க்களில் 373 வென்டிலேட்டர் நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. இசைச் சிகிச்சையாளர் ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டுத் தொகுத்துக் கொடுத்தார். எப்போது கேட்பது, எவ்வளவு நேரம் கேட்பது என்பதை நோயாளியே தீர்மானித்தார். பதற்றமும் குறைந்தது, மயக்க மருந்தின் தேவையும் குறைந்தது. பாட்டைப் போலவே, அதைத் தொடங்கவும் நிறுத்தவும் நோயாளி கையில் இருந்த உரிமையும் முக்கியம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆளும் பயிற்சியும்

இசைச் சிகிச்சை பல்கலைக்கழகப் படிப்பாகி 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. முதல் பட்டப்படிப்பு 1944இல் மிச்சிகனில் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் ஒருவர் தேர்வெழுதிச் சான்று பெற 1,200 மணி நேர மருத்துவப் பயிற்சி தேவை; அதில் 900 மணி நேரமாவது இன்டர்ன்ஷிப்பாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தின் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே இதற்கான கல்வி மையம் இயங்குகிறது. ஆனால் வார இறுதி வகுப்பு ஒன்றில் சான்றிதழ் வாங்கிவிட்டுப் பலகை மாட்டுவோரும் நிறைய. ஆகவே வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழோடு நிற்காமல், மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு இருந்தார் என்று கேளுங்கள்.

நேர்காணலில் மூன்று சோதனைகள் போதும். ஒரு நர்ஸை நோயாளியாகப் படுக்கவைத்து 10 நிமிடம் அமர்வு நடத்தச் சொல்லுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே சுருதியை இறக்கவும் வேகத்தைக் குறைக்கவும் சொல்லுங்கள். கடைசியாக, எந்த நோயாளிக்கு இசை வேண்டாம் என்று சொல்வார் எனக் கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லாதவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் வார்டுக்கு ஆகமாட்டார். நல்ல பதிலில் இவை வரும்: இசை கேட்டால் வலிப்பு வரும் அரிய வகை நோயாளிகள், உச்ச நிலை மேனியாவில் (கட்டுக்கடங்காத மிகை உற்சாகத்தில்) இருப்பவர்கள், சத்தம் பட்டாலே கொந்தளிக்கும் டெலிரியம் (திடீர் மனக்குழப்பம்) நோயாளிகள், எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்று தலையசைப்பவர்.

சேர்ந்தவுடன் பாடவிடாதீர்கள். முதல் நான்கு வாரம் வார்டைக் கற்றுக்கொள்ளட்டும்: கை கழுவும் முறை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மானிட்டரில் எந்த எண் எதைக் குறிக்கிறது, எந்தக் குழாயை இழுத்தால் என்ன ஆகும், கோட் புளூ (நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்ற அவசர) அழைப்பு வந்தால் எங்கே ஒதுங்கி நிற்பது, நோயாளியின் விவரத்தை வெளியே பேசாமை. காலை ரவுண்ட்ஸில் தினமும் நிற்க வேண்டும். டாக்டர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வதே பாதி வேலை.

நர்ஸ்களுக்கு மூன்று வகுப்புகள் போதும், ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஷிஃப்ட் மாறும் நேரத்தை ஒட்டி வைத்தால் ஆள் வரும். முதல் வகுப்பு, யாரை அனுப்புவது, யாரை அனுப்பக் கூடாது. இரண்டாவது, ஹெட்ஃபோன் முறை: ஒலியளவு, சுத்தம், எப்போது கழற்றுவது. மூன்றாவது, அளவிடுதல்: அமர்வுக்கு 5 நிமிடம் முன்பும் 5 நிமிடம் பின்பும் நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, வலி 0–10, பதற்றம் 0–10. மூன்றாவது வகுப்பை 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். விட்டால் ஆண்டு முடிவில் நிர்வாகத்திடம் காட்ட எதுவும் இருக்காது.

சிகிச்சைக்கு அனுப்பும் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பெயர், படுக்கை எண், நோய், எதற்காக அனுப்பப்படுகிறார் (வலி, பதற்றம், பேச்சு, நடை, தூக்கம் என்று ஐந்து கட்டம்), காது கேட்கும் நிலை, வலிப்பு வரலாறு, தொற்றுத் தடுப்பு நிலை, டாக்டர் கையெழுத்து. காது கேட்கும் நிலையை யாரும் நிரப்புவதில்லை. அமிகாசின், ஜென்டமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடியவை. புற்றுநோய் வார்டில் ஒருவர் பாட்டுக்கு முகம் கொடுக்கவில்லை என்றால் மனச்சோர்வு என்று முடிவுகட்டுவதற்கு முன் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

என்ன பாட்டு?

இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றாத நாளில்லை. வார்டில் அதை நம்பி இறங்க வேண்டாம். கர்நாடக இசை கேட்டே பழகாத ஒருவருக்கு எந்த ராகமும் வெறும் புதுச் சத்தம்தான். பி.பி.க்கு என்று நீங்கள் ஒலிக்கவிடும் ராகம் அவர் வீட்டில் துக்கத்தன்று ஒலித்த பாட்டின் ராகமாகக்கூட இருக்கலாம். நோயாளி தானே தேர்ந்தெடுத்த இசைதான் முதலில் வர வேண்டும்.

தேர்வு அவருடையது என்றால், கேட்கும் முறை உங்களுடையது. 'என்ன பாட்டு பிடிக்கும்?' என்றால் பெரும்பாலும் 'எதுன்னாலும் சரி' என்று பதில் வரும், அதுவும் மரியாதைக்காக. மாற்றிக் கேளுங்கள். சமைக்கும்போது, வண்டி ஓட்டும்போது என்ன ஓடும்? ரேடியோவா, டேப்பா? கோயில் திருவிழாவில் எந்த இசையை நின்று கேட்பீர்கள்? பிள்ளையை எதைப் பாடித் தூங்கவைத்தீர்கள்? எந்தப் பாட்டு வந்தால் நிறுத்தச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்வியை விடவே கூடாது. 15 முதல் 25 வயது வரை கேட்டவை ஆழமாகப் பதிந்திருக்கும்; 1955இல் பிறந்தவருக்கு 1970இலிருந்து 1980 வரை வந்த பாடல்களைத் தொட்டுப் பாருங்கள். பக்திப் பாடலைக் கேட்காமல் போடாதீர்கள். மதம் படிவத்தில் இருக்கும், பற்று இருக்காது.

சங்கும் சேகண்டியும் வார்டுக்குள் வரவே கூடாது. பதிவு செய்த இசைத் தொகுப்பு வாங்கும்போது 'தியான இசை' என்ற பெயரில் சங்கொலி கலந்து வருகிறது. நம் ஊர்க் கிழவி ஒருத்தி கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று யோசித்தால் போதும். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எதையும் ஓடவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை கீமோதெரபிக்கு. குமட்டலோடு கேட்ட பாட்டு குமட்டலோடேயே ஒட்டிக்கொள்ளலாம். மிக நெருக்கமான பாட்டுகளை மருந்து ஏறும் நேரத்துக்கு எடுக்காமல், சுமாராகப் பிடித்தவற்றை வையுங்கள்.

பதற்றமாக இருப்பவருக்கு நேராக மெதுவான இசையைப் போடுவது பரவலான தவறு. மூச்சு நிமிடத்துக்கு 26 ஓடும்போது, தூங்கவைக்கும் வேகப் பாட்டு அவருக்கு எரிச்சல்தான் தரும். அவர் இப்போது இருக்கும் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு 60–80 தட்டுக்குப் படிப்படியாக இறங்குங்கள். 20 நிமிடத்தில் இறங்கினால் போதும். பதிவு செய்த பாட்டில் இது கடினம், நேரில் வாசித்தால் எளிது. சிகிச்சையாளருக்குச் சம்பளம் கொடுப்பதன் நியாயம் இங்கேதான் தெரியும்.

பக்கவாத வார்டில் ஓர் அமர்வு

மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, சொல்வது புரிந்தும் பேச வராதவர்களுக்கு, 1973இல் பாஸ்டனில் உருவான ராகமிட்டுப் பேசும் முறை இருக்கிறது. ஸ்பீச் தெரபிஸ்டோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். எந்தச் சொற்றொடர், எந்த வரிசை என்பதை இருவரும் முடிவு செய்யுங்கள்.

எதிரே உட்கார்ந்து நோயாளியின் இடக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டே சுரம்: கீழே சட்ஜம், மேலே சாதாரண காந்தாரம். அழுத்தம் விழும் அசைக்கு மேல் சுரம், மற்றதற்குக் கீழ் சுரம். 'தண்–ணி–வே–ணும்' என்றால் மேல், கீழ், மேல், கீழ். அசைக்கு ஒரு தட்டு, அவருடைய இடக்கையால். முதலில் வார்த்தையில்லாமல் முனகுங்கள், தட்டலோடு. அடுத்துச் சேர்ந்து பாடுங்கள். பாதியில் உங்கள் குரலை மெல்ல விலக்கி அவரை முடிக்கவிடுங்கள். பிறகு நீங்கள் பாட, அவர் திருப்பிப் பாடட்டும். முடிவில் 'என்ன வேணும்?' என்று கேளுங்கள். ஒரு படியில் இரண்டு முறை தடுமாறினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். அவர் பேசும் குரலின் உயரத்துக்குச் சுருதியை வையுங்கள். உங்களுக்கு வாகான சுருதியில் பாடினால் அவர் எட்டிப் பிடிப்பதிலேயே களைத்துவிடுவார்.

வீட்டில் அவர் எப்படிப் பேசுவாரோ அதுவே சொற்றொடராக இருக்கட்டும். 'நீர் வேண்டும்' என்று பழக்கினால் வாயில் நிற்காது. மனைவியை எப்படிக் கூப்பிடுவார் என்று அந்த அம்மாவிடமே கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: விழுங்கும் சோதனை முடியாதவருக்கு 'தண்ணி வேணும்' என்று சொல்லிக்கொடுத்தால், கேட்டதும் யாராவது ஊற்றிவிடுவார்கள்; தண்ணீர் நுரையீரலுக்குப் போகக்கூடும். அவருக்கு 'வலிக்குது', 'திரும்பணும்' என்று தொடங்குங்கள்.

ஆய்வுகளில் இதை நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரம் 5 நாள் செய்தார்கள். வார்டில் அவ்வளவு கிடைக்காது. 30 நிமிடம் வீதம் காலையும் மாலையும் நடத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும். வாரம் ஒரு நாள் வந்து போவதால் பயனில்லை.

குடும்பத்தார் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வார்த்தை பேச வராதவர் பழைய சினிமாப் பாட்டை வார்த்தை பிசகாமல் பாடிவிடுவார். பேச்சு வந்துவிட்டது என்று எல்லோரும் அழுவார்கள். மனப்பாடமான பாட்டு ஒரு சங்கிலிபோலத் தானாக ஓடுவது. புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவது வேறு வேலை. அந்த மகிழ்ச்சியைக் கெடுக்காமல், அதே சமயம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் நம்பிக்கை உடைந்து அமர்வையே வேண்டாம் என்பார்கள்.

நடைக்கு வேறு முறை. 10 மீட்டர் கோடு போட்டு நடக்கவிட்டு, 30 விநாடியில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 28 என்றால் நிமிடத்துக்கு 56. மெட்ரோனோமை (சீரான வேகத்தில் தட்டொலி எழுப்பும் கருவி) 56இல் வையுங்கள். உட்கார்ந்தபடி காலால் தட்டட்டும், நின்று எடையை மாற்றட்டும், பிறகு நடக்கட்டும். அடி சீராக விழுந்த பிறகு 5 சதவீதம் கூட்டி 59க்குப் போங்கள். பாட்டு வைத்தால் நான்கு எண்ணிக்கையில் ஓடும் சதுரசிர நடைப் பாட்டாக இருக்கட்டும். மூன்று எண்ணிக்கைப் பாட்டில் அழுத்தம் ஒரு தடவை வலக்காலிலும் அடுத்த தடவை இடக்காலிலும் விழுந்து தடுமாறவைக்கும். கடைசி 2 நிமிடம் ஒலியை நிறுத்தி, வேகம் மனதில் நிற்கிறதா என்று பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் இடுப்புப் பட்டையைப் பிடித்திராமல் ஓர் அடிகூட வேண்டாம்; தாளத்தில் மூழ்கியவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு விழுவதுண்டு.

என்.ஐ.சி.யூ.: சத்தத்தைக் குறைத்த பிறகே இசை

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒலி சராசரியாக 45 டெசிபலுக்குள்ளும், திடீர்ச் சத்தம் 65க்குள்ளும் இருக்க வேண்டும். ஒரு வாரம் மீட்டர் வைத்து அளந்தால் இங்குபேட்டர் கதவு, அலாரம், ஷிஃப்ட் மாறும்போதான பேச்சு எல்லாமே அதைத் தாண்டுவது தெரியும். அதைக் குறைப்பதுதான் முதல் மாத வேலை. சத்தத்தின் மேல் பாட்டை ஏற்றினால் அது இன்னொரு சத்தம்.

ஸ்பீக்கரை இங்குபேட்டருக்குள் வைக்காதீர்கள்; சுவர்கள் ஒலியைத் திருப்பி அடிக்கும். கர்ப்பக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வயது 32 வாரம் ஆன, நிலை சீரான குழந்தைக்கு, கங்காரு பராமரிப்பில் அம்மா மார்போடு அணைத்திருக்கும்போது, அவரையே முனகச் சொல்லுங்கள். 10 நிமிடத்தில் தொடங்கி 20க்கு மேல் போக வேண்டாம். குறுகிய தாலாட்டு, சில சுரங்கள், திரும்பத் திரும்ப ஒரே வரி. 'எனக்குப் பாட வராதே' என்று கூச்சப்படும் அம்மாக்களே அதிகம். பாட்டியிடமிருந்து கேட்ட 'ஆராரோ'வின் ஒரு வரியை எடுத்துக்கொடுத்தால் மிச்சம் தானே வரும். 2013இல் வெளிவந்த, 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டைத்தான் தாலாட்டாக மாற்றிப் பாடினார்கள்.

விரல்கள் விரிவது, விக்கல், கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, நிறம் மாறுவது, ஆக்சிஜன் அளவு இறங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். பெற்றோரிடம் அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்காதீர்கள். தாய்–சேய்ப் பிணைப்பு கூடுகிறதா என்று பல நாடுகளில் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில் அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை.

கருவிகளும் கிருமியும்

ஒரு வார்டுக்கு ஒரு தள்ளுவண்டி போதும்: நைலான் தந்திக் கிட்டார், எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, செயற்கைத் தோல் போட்ட இரண்டு கை மேளங்கள், மூடிய பிளாஸ்டிக் குலுக்கிகள் 10, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் 4, மெட்ரோனோம், ஒலி மீட்டர். மிருதங்கம், தவில், கஞ்சிராவின் தோலைக் கிருமிநாசினியால் துடைக்க முடியாது, வார்டுக்கு வேண்டாம். புல்லாங்குழலும் நாகஸ்வரமும் அப்படியே.

ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே துடைப்பது கட்டாயம், அதுவும் கிருமிநாசினி போத்தலில் எழுதியிருக்கும் நேரம் வரை ஈரமாக இருக்கும்படி. ஸ்பிரிட் மர வார்னிஷை உரிக்கும். கிட்டாருக்கு என்ன என்பதைத் தொற்றுத் தடுப்பு நர்ஸிடம் கேட்டு எழுதி ஒட்டுங்கள். சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு உள்ளவரிடம் ஸ்பிரிட் வேலை செய்யாது, அதன் வித்துகள் சாகா. பிளீச்சில் கழுவக்கூடிய குலுக்கியும் உங்கள் குரலும் மட்டும் அந்த அறைக்குள் போகட்டும். ஹெட்ஃபோனுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறை போடுங்கள். ஐ.சி.யூ.வில் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும் நோயாளியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்று யாரும் பதறாதிருக்கக் கட்டிலில் ஓர் அட்டை தொங்க வேண்டும்.

எழுதும் குறிப்பு

நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். இந்த அளவு போதும்:

'காலை 10.20–10.45. மூளையின் இடப்பக்கம் பாதித்த பக்கவாதம், 12ஆம் நாள். குறிக்கோள்: உதவியின்றித் தண்ணீர் கேட்பது. விழுங்கும் சோதனை சரி. முன்: 10 முயற்சியில் 1. ராகமிட்டு, இடக்கைத் தட்டலுடன் 6 சொற்றொடர். பின்: 10இல் 3, மூன்றும் தட்டலுடன். 25ஆம் நிமிடம் களைப்பு, நிறுத்தப்பட்டது. நர்ஸ் கவனத்துக்கு: தண்ணீர் கொடுக்கும் முன், அவரே கேட்க 10 விநாடி காத்திருக்கவும்.'

கடைசி வரிதான் உயிர். அது இருந்தால் சிகிச்சை நாள் முழுக்க நடக்கும், அரை மணியில் முடியாது. 'நோயாளி இசையை ரசித்தார்' என்று எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள்.

ஓர் அமர்வு 30 நிமிடம் என்றால் துடைக்கவும் எழுதவும் 15 நிமிடம். நாளுக்கு ஆறு பேருக்கு மேல் கொடுத்தால் முதலில் போவது குறிப்பு, அடுத்தது குரல். வாரம் ஒரு மணி நேரம் மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் மேற்பார்வைக்கு ஒதுக்குங்கள், ஆன்லைனிலாவது. மரணங்களுக்கு நடுவே பாடும் வேலை இது; தனியாக விட்டால் நல்லவர்கள்தான் முதலில் விலகிப்போவார்கள். பயிற்சி மாணவர்கள் வந்தால் ஒரு சிகிச்சையாளருக்கு இருவர் போதும். முதல் மாதம் பார்ப்பது, இரண்டாம் மாதம் சேர்ந்து செய்வது, மூன்றாம் மாதம் தானே செய்வது, சிகிச்சையாளர் அதே அறையில் இருக்க.

டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் போக வேண்டும். அதில் நான்கு சொற்றொடர், எந்தக் கை, நாளுக்கு எத்தனை முறை, நடைப் பாட்டின் வேகம், எப்போது நிறுத்துவது என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். அவரோடு தங்கியிருந்தவரை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்; தட்டும் கை மாறியிருந்தால் அங்கேயே திருத்துங்கள். 14ஆம் நாள் மறுபரிசோதனைக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவரச் சொல்லி, அதே 10 முயற்சியை மறுபடி எண்ணிக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.